மசாய் மாராவில் காட்டுயிர் படமெடுக்க: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

கென்யாவுக்கு இரண்டு முறை கேமராவோடு போய் வந்திருக்கிறேன். முதல் முறை ஏழு நாளில் அம்போசெலி, நக்கூரு, மசாய் மாரா என மூன்று இடங்கள். ஊருக்குத் திரும்பிப் படங்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, நல்ல வெளிச்சத்தில் விலங்குகள் முன்னால் நான் இருந்த காலைப்பொழுதுகள் மூன்றே மூன்று. மற்ற நாட்களின் விடியலெல்லாம் நெடுஞ்சாலையில் போயிருந்தது. இரண்டாம் முறை மாரா மட்டும், ஆறு இரவுகள், ஒரு நண்பரோடு தனி வண்டி. செலவு ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஒரு சிவிங்கிப்புலியையும் (சீட்டா) அதன் குட்டிகளையும் மூன்று நாள் தொடர்ந்து பார்க்க முடிந்தது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதுதான்: இடங்களைக் கூட்டாதீர்கள், நாட்களைக் கூட்டுங்கள். பணத்தை அறையில் போடுவதைவிட வண்டியில் போடுங்கள். சென்னையிலிருந்து கிளம்புகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள் (ஆறு மாதம் முன்பு)

டிக்கெட், அறை, வண்டி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏனென்றால் நுழைவுக் கட்டணமே மாதத்தைப் பொறுத்து இரண்டு மடங்காகிறது. 2024 முதல் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 50 டாலர். டிசம்பரில் கூட்டம் போய்விட்டது, மலிவாக இருக்கும் என்று நினைத்து விடுமுறைக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். டிசம்பர் 31 வரை 200 டாலர்தான். ஜூன் கடைசி வாரத்தில் தொடங்கும் பயணம் ஜூலைக்குள் நுழைந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் கட்டணம் ஏறும். அப்படியானால் ஒரு வாரம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்.

வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்கள் பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வந்து மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போக வேண்டும். அதற்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. கரையில் நான்கு மணி நேரம் நின்ற கூட்டம் திடீரென்று திரும்பிப் போய்விடும். வண்டிகளும் நிறைய நிற்கும்.

சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி மூன்றும் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. அவைதான் உங்கள் ஆசை என்றால் ஜனவரி, பிப்ரவரி போதும். கட்டணம் பாதி, கூட்டம் குறைவு, மழையும் பொதுவாக இருக்காது. ஏப்ரல், மே பெருமழைக் காலம். கரிசல் மண்ணில் வண்டி புதைந்தால் அரை நாள் போய்விடும், சில முகாம்கள் மூடியும் இருக்கும். ஜூனில் புல் இடுப்பளவு நிற்கும், படுத்திருக்கும் சிங்கத்தின் காதுகள் மட்டுமே தெரியும். முதல் பயணத்துக்கு என்னைக் கேட்டால் பிப்ரவரி என்பேன்.

2. எங்கே தங்குவது

மாராவில் தங்குமிடம் மூன்று வகை. காப்பகத்துக்கு வெளியே செகெனானி, தாலெக் வாயில்களை ஒட்டிய முகாம்கள் மலிவானவை. காப்பகத்துக்கு உள்ளே இருப்பவை விலை கூடியவை. வடக்கே மசாய் மக்களின் நிலத்தில் நடக்கும் கன்சர்வன்சிகள் என்ற தனிக் காப்புப் பகுதிகள் (மாரா நார்த், ஒலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ போன்றவை) இன்னும் விலை கூடியவை.

மாரா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் காலை ஆறரை வாக்கில்தான் எழும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். வெளியே தங்கினால் ஐந்தே முக்காலுக்கே வரிசையில் நிற்க வேண்டும். வரிசையின் பின்னால் மாட்டினால் அந்த முதல் அரைமணி நேரத்து வெளிச்சம் போயிற்று. உள்ளே தங்கினால் இந்தக் கவலை இல்லை. ஆனால் புறப்படும் நாளில் காலை பத்து மணிக்குள் காப்பகத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும், தாமதித்தால் இன்னொரு நாள் கட்டணம் கேட்பார்கள். வெளியே தங்குகிறவர்களுக்குச் சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைக்கும்தான். அதனால் நைரோபியிலிருந்து சாலை வழியாக வந்து சேரும் முதல் நாள் மாலை உள்ளே போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்காக முழு நாள் கட்டணம் போகும்.

கன்சர்வன்சியில் பாதையை விட்டு இறங்கி ஓட்டலாம், இரவிலும் வண்டியில் சுற்றலாம், ஒரு விலங்கைச் சுற்றி வண்டிகள் குறைவு. கையில் பணம் இருந்தால் நல்ல தேர்வு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆறு கடக்கும் இடங்கள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. கன்சர்வன்சியில் தங்கிக்கொண்டு அங்கே போனால் காப்பகக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும்.

3. வண்டி: இங்கே சிக்கனம் வேண்டாம்

கூரையைத் தூக்கிவிடும் வேன், கூரையைத் தூக்கிவிடும் லேண்ட் குரூசர், பக்கவாட்டுகள் திறந்த லேண்ட் குரூசர் என்று மூன்று கிடைக்கும். படமெடுக்கிறவருக்கு மூன்றாவதுதான். கூரைக்கு மேல் நின்று எடுத்தால் தரையில் படுத்திருக்கும் சிங்கத்தை மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம், படம் தட்டையாகிவிடுகிறது. இருக்கையில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுக்கும்போது அதன் கண்மட்டத்துக்கு ஓரளவு நெருங்குகிறோம். என் முதல் பயணத்துப் படங்களில் பாதிக்கு மேல் நான் ஒதுக்கியதற்கு இந்தக் கோணம்தான் காரணம்.

ஒரு வரிசைக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இடது, வலது இரண்டு பக்கமும் நகர முடியும். தெரியாதவர்களோடு பங்கு வண்டியில் போனால் செலவு குறையும், ஆனால் மற்றவர்கள் சிங்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நமக்கோ அது தூங்கி எழும் வரை ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். படமெடுக்கும் நண்பர் ஒருவரோ இருவரோ சேர்ந்தால் தனி வண்டி கட்டுப்படியாகும்.

வண்டியை உறுதி செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு இருக்கிறதா? காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளியிலேயே இருக்கலாமா? வண்டியில் பேட்டரி சார்ஜ் செய்ய வசதி உண்டா? ஒன்பது மணிக்கு முகாமுக்குத் திரும்பிச் சாப்பிடும் வழக்கம் சாதாரணச் சுற்றுலாவுக்குச் சரி, நமக்கு ஆகாது.

வண்டியைவிட முக்கியம் வழிகாட்டி. கென்யாவின் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு வைத்துத் தகுதி கொடுக்கிறது. வெள்ளி நிலை வழிகாட்டி வேண்டும், படமெடுப்பவர்களோடு ஓட்டியவராக வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். சூரியன் எந்தப் பக்கம், விலங்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்து வண்டியை நிறுத்தும் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

4. முகவரிடம் விலை கேட்பதும் பணம் அனுப்புவதும் (ஐந்து மாதம் முன்பு)

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். கென்யச் சுற்றுலா நடத்துனர்கள் சங்கமான காட்டோவில் உறுப்பினரா என்பதைச் சங்கத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்தில் எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் எல்லாம் அடக்கம் என்றுதான் இருந்தது. இரண்டாம் நாள் காலை வாயிலில் வண்டி நின்றபோது, ஒரு நாள் கட்டணம்தான் சேர்ந்திருக்கிறது, மற்ற நாளுக்கு நீங்கள் கட்டுங்கள் என்றார் ஓட்டுநர். அவர் பாவம், அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்ததால் வாதாடாமல் கார்டில் கட்டினோம். ஆகவே பட்டியலில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்: நுழைவுக் கட்டணம், எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு, நாளொன்றுக்கு எவ்வளவு. அதோடு வண்டியின் படம், அதில் ஏறும் ஆட்களின் எண்ணிக்கை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும்.

கென்ய நிறுவனத்துக்கு நேரடியாக வங்கி மூலம் அனுப்பினால் பான் கார்டு, விலைப்பட்டியல், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவம் தேவை. இடையிலுள்ள வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொகை யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முப்பது டாலர் குறைகிறது என்று பிறகு கடிதம் வரும். இந்திய முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் அன்றைய கணக்கைக் கேளுங்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும் நேரத்தில் கையிலிருந்து போகும், அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

5. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி (குறைந்தது ஒரு மாதம் முன்பு)

இதைத்தான் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். கென்யாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும், பழைய புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் திரும்புகிறவர்களுக்கும் இந்தச் சான்று தேவை.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தினமும் போடுவதில்லை, முன்பதிவு வேண்டும். விடுமுறைக் காலத்துக்கு முன்னால் இடம் கிடைக்காமல் நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். சான்றுப் புத்தகத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் வெயிலில் தோல் சீக்கிரம் எரியும். முழுக்கைச் சட்டை, தொப்பி அவசியம்.

6. இடிஏ அனுமதி (மூன்று வாரம் முன்பு)

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இடிஏ என்ற மின்னணு அனுமதியைக் கொடுக்கிறது. கட்டணம் 30 டாலரும் சேவைக் கட்டணம் கொஞ்சமும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மூன்று வேலை நாளில் வரும் என்றாலும் இரண்டு மூன்று வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியவை: ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புகைப்படம், போக வர டிக்கெட், தங்குமிட உறுதிச் சீட்டு. தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தனியார் தளங்கள், இரண்டு மூன்று மடங்கு வாங்குகிறார்கள். அரசு தளத்தின் முகவரி ஜிஓ புள்ளி கேஇ என்று முடியும்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். விமான டிக்கெட், இடிஏ, தடுப்பூசிச் சான்று மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். வெறும் இனிஷியல் போடாதீர்கள். குடும்பப் பெயர் காலி என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் எப்படி நிரப்புவது என்று கேட்டு, அதையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள்.

7. விமானமும் எடையும்

சென்னையிலிருந்து மும்பை வழியாகவோ, துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரங்கள் வழியாகவோ நைரோபி போகலாம். மும்பையிலிருந்து நேரடி விமானம் ஆறு மணி நேரம் சொச்சம். நள்ளிரவில் இறங்கினால் அன்றே மாராவுக்குக் கிளம்பாதீர்கள், நைரோபியில் ஒரு இரவு தூங்குங்கள்.

அங்கிருந்து சாலையில் நாரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம் சொச்சம். ஆனால் சின்ன விமானத்தில் கைப்பையும் சேர்த்து மொத்தம் 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். பெரிய லென்ஸ் இருந்தால் எடைக்காகக் கூடுதல் இருக்கை ஒன்றையே வாங்க வேண்டி வரலாம். கேமரா நிறைய இருப்பவர்களுக்குச் சாலைதான் நிம்மதி.

8. கருவி, சுங்கம், பிளாஸ்டிக்

இரண்டு கேமரா உடல்கள் எடுத்துப் போங்கள், ஒன்று வாடகையாக இருந்தாலும் சரி. ஒன்றில் 150-600 அல்லது 200-600 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் 70-200. புழுதியில் லென்ஸ் மாற்றவே கூடாது. டிரைபாடு வண்டிக்குள் பயன்படாது. லென்ஸைத் தாங்கிப் பிடிக்கும் பீன் பேக் பையைக் காலியாகக் கொண்டுபோய் முகாம் சமையலறையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். வாடகை லென்ஸ் என்றால் வெளிநாடு கொண்டுபோக அந்தக் கடை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்தீர்களா என்று சுங்கத்தில் கேட்காமலிருக்க, கிளம்பும் பன்னாட்டு விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று பெறலாம். கருவிகளின் பெயர், வரிசை எண், மதிப்பு எழுதிய பட்டியலும் ரசீதும் வேண்டும். பொருளைப் பார்த்துத்தான் கையெழுத்திடுவார்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். கென்யாவில் மின்செருகி மூன்று சதுரக் கால் வகை. சிங்கப்பூர், மலேசியக்காரர்களுக்கு அதே. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துப் போங்கள். பல முகாம்களில் மின்சாரம் சில மணி நேரம்தான்.

டிரோன் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். காப்பகத்தில் பறக்கவிடவும் முடியாது. பிளாஸ்டிக் கவர்களுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. லென்ஸைச் சுற்றும் கவர், ஊறுகாய் கட்டிய கவர் எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிட்டுத் துணிப்பைக்கு மாற்றுங்கள். ராணுவ உடை போன்ற புள்ளிச் சட்டையும் வேண்டாம், காக்கியோ மங்கிய பச்சையோ போதும். அப்புறம் ஸ்வெட்டர். மாரா 1500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, திறந்த வண்டியில் விடியற்காலைக் குளிர் ஊட்டியை நினைவுபடுத்தும்.

9. செலவுக் கணக்கு

பிப்ரவரியில், வாயிலுக்கு வெளியே நடுத்தர முகாமில் ஆறு இரவு, இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு எனக்கு வந்த கணக்கு:

நுழைவுக் கட்டணம் ஐந்து நாள், 500 டாலர். வண்டி, வழிகாட்டி, எரிபொருள் சேர்த்து நாளுக்கு 250 டாலர் வீதம் ஏழு நாள் 1750, அதில் பாதி 875. முகாம் சாப்பாட்டோடு இரவுக்கு 120 வீதம் 720. நைரோபி ஓர் இரவு 60. இடிஏ 35. வழிகாட்டிக்கு அன்பளிப்பு நாளுக்கு 12 வீதம் 84. மொத்தம் சுமார் 2275 டாலர். இதற்கு மேல் விமான டிக்கெட், காப்பீடு.

மூன்றாவது ஆள் சேர்ந்தால் வண்டிப் பங்கு 583 ஆகக் குறையும். இதே பயணம் ஆகஸ்டில் என்றால் நுழைவுக் கட்டணம் மட்டுமே 500 டாலர் கூடும், முகாம் விலையும் ஏறும். காப்பீட்டில் அவசரமாக விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். மாராவிலிருந்து பெரிய மருத்துவமனை வெகு தூரம். டாலர் நோட்டுகள் மிகப் பழைய ஆண்டில் அச்சடித்ததாக இருந்தால் அங்கே வாங்க மறுக்கக்கூடும். மாற்றும் இடத்திலேயே ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

10. அங்கே போன பிறகு

முதல் நாள் மாலையே வழிகாட்டியோடு உட்கார்ந்து உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். பட்டியலாக வேண்டாம், ஒன்றிரண்டு போதும். நான் சிவிங்கிப்புலி என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர் முடிவுக்கு விட்டுவிட்டேன்.

காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே என்று வழிகாட்டியை நெருக்காதீர்கள். அபராதம் அவருக்கு, வேலையும் அவருடையது. வேட்டைக்குத் தயாராகும் சிவிங்கிப்புலி வண்டியால் தடைபட்டால் அதன் குட்டிகளுக்கு அன்று சாப்பாடு இல்லை. படமெடுக்கும்போது இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், அதிர்வு நிற்கும்.

தினமும் இரவு படங்களை இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து இரண்டு வெவ்வேறு பைகளில் வையுங்கள். திரும்பும் நாளில் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். மும்பை வழியாக வந்தால் சோதனை மும்பையிலேயே, பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே நடக்கும். பாஸ்போர்ட்டோடு சட்டைப்பையில் இருக்கட்டும்.